பேனா கடையறதுக்கு 7க்கு 14 மினி லேத் வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடறேன், இந்த மெஷின் எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு, ஆபீஸ் விட்டு வந்ததும் கை அதுகிட்ட தான் போகுது. ஆனா பெட்டிய பிரிச்சு பிளக்கை சொருகி அன்னிக்கே பேனா செஞ்சிடலாம்னு நெனச்சு வாங்கறவங்களுக்கு இது சரிப்படாது. ஃபேக்டரில பாதி வேலைய முடிச்சுட்டு மீதிய நம்ம தலையில கட்டி அனுப்பற மெஷின் இது. அந்த மீதிய செய்ய பொறுமை இருந்தா, பேனா அளவு வேலைக்கு வீட்டுல வைக்கறதுக்கு இத விட பெருசா ஒண்ணும் தேவையே இல்ல.

நான் ஐடிஐ-ல டர்னர் படிச்சவன். கோயமுத்தூர்ல கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சுத்தினவங்களுக்கு தெரியும், தெருவுக்கு தெரு லேத் பட்டறை தான், அதுல ஒண்ணுல கொஞ்ச காலம் பம்ப் ஷாஃப்ட் கடைஞ்சுட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல டிராயிங் (CAD) போடற வேலைக்கு போயிட்டேன், லேத்தை தொட்டே பல வருஷம் ஆச்சு. நடுவுல மை பேனா மேல ஆசை வந்துச்சு. ஒரு சின்ன மர லேத் வாங்கி கிட் பேனா பண்ண ஆரம்பிச்சேன், அதாவது பித்தளை டியூப், கிளிப், நுனி எல்லாம் ரெடிமேடா வந்துடும், நாம மரத்தை மட்டும் கடைஞ்சு டியூப் மேல ஒட்டி அமுக்கிட்டா பேனா. பாக்க நல்லா தான் இருக்கும். ஆனா அந்த பேனால நான் செஞ்சது மேல் சட்டை மட்டும் தானே, மரையெல்லாம் எவனோ வெட்டினது. மூடி திருகற மரை, நிப் உக்கார்ற மரை, பாடியும் கழுத்தும் சேர்ற மரை, இந்த மூணும் நம்ம கையால வெட்டினா தான் அது நம்ம பேனாங்கற எண்ணம் உள்ள ஓடிட்டே இருந்துச்சு. அதுக்கு மெட்டல் லேத் வேணும், உளிய கையில புடிச்சு செய்யற மர லேத்துல அளவு சுத்தமா மரை வெட்டறது ஆயுசு பூரா அதையே செஞ்சு பழகின கைக்கு தான் வரும்.

அந்த கை இருக்கறவங்க நம்ம ஊர்ல இருக்காங்க, அதையும் சொல்லணும். திருவள்ளூர் ரங்கா, சென்னை காமா, ஆந்திரா பக்கம் ராஜமுந்திரி ரத்னம், எல்லாமே எபொனைட் (கெட்டி ரப்பர்) பேனால பேர் வாங்கினவங்க. ரத்னம் பேனாவ பாராட்டி காந்தி 1935-ல கடிதமே எழுதியிருக்காரு. அவங்க பேனாவ கையில எடுத்து மூடிய திருகி பாத்தா தெரியும், வழுக்கிட்டு போய் கடைசில ஒரு மெல்லிய புடிப்போட நிக்கும். எனக்கு அந்த அனுபவம் இல்ல, ஆனா டயல் படிக்க தெரியும், கியர் கணக்கு தெரியும். அதனால தான் மெட்டல் லேத்.

சரி, மெஷினுக்கு வர்றேன். 7க்கு 14-ன்னா இன்ச் கணக்கு. பெட்டுக்கு (எல்லாம் நகர்ற அடித் தண்டவாளம்) மேல 180 எம்எம் விட்டம் சுத்தும், ராட ரெண்டு பக்கமும் தாங்கற ரெண்டு சென்டருக்கு நடுவுல 350 எம்எம். ஸ்பிண்டில் (வேலைய சுத்தற தண்டு) ஓட்டை 20 எம்எம், உள்ள மோர்ஸ் டேப்பர் 3, அதாவது கூம்பு மாதிரி சரிவோட இருக்கற ஓட்டையோட அளவு, எதிர் முனைல இருக்கற டெயில்ஸ்டாக்ல மோர்ஸ் டேப்பர் 2. டிசி மோட்டார், ஸ்பீடு ஒரு குமிழ திருகினா கூடும் கொறையும், லோ கியர் ஹை கியர்னு ரெண்டு, ஹைல நிமிஷத்துக்கு 2500 சுத்து வரைக்கும் போகும். சாதா வீட்டு பிளக்குல ஓடுது, ரெண்டு பேர் புடிச்சா மாடிக்கு ஏத்திடலாம். ஐடிஐ-ல ஹெச்எம்டி லேத்துல வேலை செஞ்சவன் கண்ணுக்கு இது முதல்ல ரொம்ப குட்டியா தான் தெரியும். ஆனா பேனாவ நெனச்சு பாருங்க, 16 எம்எம் ராடு, பாடி ஒரு சாண் கூட இல்ல, எடுக்கற கட்டு (ஒரு தடவை சீவற ஆழம்) அரை எம்எம். அந்த அளவுக்கு இது நல்லாவே தாங்குது.

சென்னைல இறக்குமதி பண்றவங்ககிட்ட இருந்து வாங்கினேன், பேர் வேண்டாம். மெஷின் பூரா கெட்டியா ஒரு செவப்பு கிரீஸ், துரு புடிக்காம இருக்க பூசி அனுப்பறது, மண்ணெண்ணெய் கெடைக்காததால டீசலும் பழைய பல் தேய்க்கற பிரஷும் வச்சு தொடச்சேன். தொடைக்கும்போதே கழட்டிடுங்க, வெளியில மட்டும் தொடச்சு விட்டா போதாது. கேரேஜுக்கு (டூல சுமந்துட்டு பெட்டு மேல நகர்ற பாகம்) அடியில, அதோட முன் பக்க ஏப்ரன் கியர் பல்லு இடுக்குல எல்லாம் இரும்பு தூளும் வார்ப்பு மணலும் இருந்துச்சு. அதோட ஓட்டினா அதுவே அரைச்சு பெட்டை தின்னுடும். கூர் முனையெல்லாம் அரம் போட்டு ராவி விட்டேன், இல்லன்னா ஹேண்டில் திருகும்போது கை கிழியும்.

அடுத்தது கிப். டூல குறுக்க நகத்தற கிராஸ் ஸ்லைடுக்கும் அதுக்கு மேல இருக்கற டாப் ஸ்லைடுக்கும் பக்கவாட்டுல ஒரு பட்டை, அதை மூணு நாலு சின்ன ஸ்க்ரூ அமுக்கி புடிக்கும், அந்த ஸ்க்ரூ தான் ஆட்டத்தை தீர்மானிக்குது. வந்தப்ப ஒரு பக்கம் இறுக்கமாவும் இன்னொரு பக்கம் தொளதொளன்னும் இருந்துச்சு. பட்டைய வெளிய எடுத்து கண்ணாடி மேல 400 நம்பர் எமரி பேப்பர் வச்சு எண்ணெய் விட்டு தேச்சு சமம் பண்ணி, ஸ்க்ரூ முனை உக்கார்ற குழிய சுத்தம் பண்ணி திரும்ப மாட்டி, ஹேண்டில ஒரு விரலால தள்ளினா நகரணும் ஆனா டூல் போஸ்ட்ட புடிச்சு ஆட்டினா டயல் கேஜ் (நுணுக்கமான ஆட்டத்த காட்டற கருவி) முள்ளு அசையக்கூடாதுங்கற அளவுக்கு கொண்டு வந்தேன். இதுக்கு மட்டும் ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு, அந்த ஒரு நாள்ல மெஷினே வேற மெஷின் ஆயிடுச்சு. முன்னாடி எபொனைட் மேல அலை அலையா கோடு விழுந்துட்டு இருந்தது, அப்புறம் கண்ணாடி மாதிரி வருது.

டெயில்ஸ்டாக்கும் பாக்கணும். பேனால பாதி வேலை ஓட்டை போடறது தான், டெயில்ஸ்டாக் சென்டர் விட்டு இருந்தா டிரில் ஒரு பக்கம் சாயும், பாடியோட சுவர் ஒரு பக்கம் தடியாவும் ஒரு பக்கம் பேப்பர் மாதிரியும் ஆகும், மை ஊத்தி வெளிச்சத்துல புடிச்சா அப்பட்டமா தெரியும். ஒரு அலுமினியம் ராட ரெண்டு சென்டருக்கு நடுவுல வச்சு லேசா கடைஞ்சு ரெண்டு முனைலயும் மைக்ரோமீட்டர் வச்சு பாத்து, ரெண்டும் ஒரே அளவு வர்ற வரைக்கும் டெயில்ஸ்டாக்க நகத்தி நகத்தி இறுக்கணும். அதை இறுக்கற நட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்பானர் எடுக்கணும்ங்கறது எனக்கு இன்னும் எரிச்சல் தான், சில மாடல்ல லீவர் வச்சு வருது, வாங்கறவங்க அதையே வாங்குங்க.

கூட வர்ற மூணு தாடை சக் (ராட புடிக்கற பிடி) இரும்புக்கு பரவால்ல, பேனாவுக்கு வேண்டாம். தாடை அச்சு எபொனைட்லயும் அக்ரிலிக்லயும் பதிஞ்சுடும், ஒரு தடவை எடுத்து திருப்பி மாட்டினா முன்னாடி சுத்தின மாதிரி சுத்தாது. இஆர்32 காலெட் சக், அதாவது கீறல் விட்ட குழாய் சுத்தி அமுக்கி புடிக்கற சக், வாங்கிடுங்க. 20 எம்எம் வரைக்கும் புடிக்கும், ஒவ்வொரு காலெட்டும் ஒரு எம்எம் வரைக்கும் சுருங்கும், தடம் விழாது. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். மோர்ஸ் டேப்பர் 3-ல சொருகற மாதிரி வர்ற காலெட் சக் விலை கம்மின்னு ஆசைப்படாதீங்க, அது ஸ்பிண்டில் ஓட்டைய அடைச்சுடும், நீள ராட பின்னாடி இருந்து நுழைக்க முடியாது. ஸ்பிண்டில் முன்னாடி இருக்கற வட்டத் தட்டுல (ஃபிளேஞ்ச்) போல்ட் போட்டு மாட்டற டைப் வாங்கினா தான் 20 எம்எம் ஓட்டையோட பலன் கெடைக்கும்.

இப்ப மரை. நான் இந்த மெஷின வாங்கினதே இதுக்கு தான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

என்கிட்ட இருக்கறதோட லீட் ஸ்க்ரூ (கேரேஜ நகத்தற நீள திருகு) 1.5 எம்எம் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல 1.5 எம்எம். நிப் யூனிட்டுக்கு, ஜோவோ கம்பெனியோட 6 நம்பர் ஹவுசிங் (நிப் உக்கார்ற கூடு) எடுத்தீங்கன்னா 7.4 எம்எம் விட்டம் 0.5 பிட்ச், இதுக்கு டேப் (உள் மரை வெட்டற கருவி) வாங்கிடறது தான் புத்திசாலித்தனம், 6.9 டிரில் போட்டு டேப் ஓட்டினா முடிஞ்சுது. கழுத்தும் பாடியும் சேர்ற இடத்துக்கு நான் 10 எம்எம் 0.75 பிட்ச் வெளி மரை வெட்டறேன், லேத்துலயே. ஸ்பிண்டில் பக்கம் 40 பல்லு கியர், லீட் ஸ்க்ரூ பக்கம் 80 பல்லு, நடுவுல ரெண்டையும் இணைக்க ஒரு ஐட்லர் கியர், அவ்ளோ தான். 0.75-ம் 0.5-ம் 1.5-ல மீதியில்லாம வகுபடறதால ஹாஃப் நட்ட (கேரேஜ லீட் ஸ்க்ரூவோட கோக்கற நட்டு) எங்க வேணா தூக்கலாம் எங்க வேணா போடலாம், டூல் அதே பள்ளத்துல தான் விழும், எப்ப கோக்கணும்னு காட்டற த்ரெட் டயல் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. இது மெட்ரிக் லீட் ஸ்க்ரூ இருந்தா தான். இன்ச்சுக்கு 16 மரை போட்ட லீட் ஸ்க்ரூவோடயும் இந்த மெஷின் வருது, அதுல இந்த சுகம் இல்ல.

மூடி மரை தான் சவால். சாதா மரை 0.8 பிட்ச்ல வெட்டினா மூடிய நாலஞ்சு சுத்து சுத்தணும் தொறக்க, எழுதறவனுக்கு கடுப்பு வரும். அதனால பேனா செய்யறவங்க மூணு ஸ்டார்ட் மரை போடுவாங்க, ஒரே இடத்துல பக்கத்து பக்கத்துல மூணு மரை ஓடும், பல்லு 0.8 அளவுல சின்னதாவே இருக்கும் ஆனா ஒரு சுத்துக்கு 2.4 எம்எம் நகரும், ஒண்ணரை சுத்துல மூடி கையோட வந்துடும். இதுக்கு 12 எம்எம், 13 எம்எம்-ல டேப்பும் டையும் (டை வெளி மரைக்கு) தனியா செஞ்சு விக்கறாங்க, விலை பயங்கரம், கடைல ரெடியா கெடைக்காது, நாலஞ்சு பேர் சேந்து ஆர்டர் போட்டு தான் வாங்கறது. மூடிக்கு உள்ள போடற டேப்ப அப்படி தான் வாங்கினேன். வெளி மரைய லேத்துல வெட்டறேன்.

எப்படின்னா, 2.4-ஐ 1.5-ஆல வகுத்தா 1.6. ஸ்பிண்டில் பக்கம் 80 பல்லு, லீட் ஸ்க்ரூ பக்கம் 50 பல்லு போட்டா சரியா 1.6. கேரேஜ் பறக்கும், மோட்டார்ல ஓட்டினா மரை முடியற இடத்துல ராடு தடிக்கற பக்கத்துல (தோள்பட்டை) இடிக்கறதுக்கு முன்னாடி நிறுத்தவே முடியாது. அதனால ஸ்பிண்டிலோட பின் பக்கம் 20 எம்எம் ஓட்டைல இறுக்கற மாதிரி ஒரு கைப்பிடி செஞ்சு வச்சிருக்கேன், அலுமினியம் ராட நாலா கீறி நடுவுல டேப்பர் போல்ட், இறுக்கினா விரிஞ்சு புடிச்சுக்கும். பிளக்கை புடுங்கிட்டு கையால சுத்தறது தான். டாப் ஸ்லைட பெட்டுக்கு இணையா திருப்பி டயல் கேஜ் வச்சு பாத்துக்கணும், கோணலா இருந்தா எல்லாம் போச்சு. 60 டிகிரி டூல், ஆழம் சுமார் அரை எம்எம், அதை ஒரே கட்டுல எடுக்காம கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். முதல் மரை முழு ஆழத்துக்கு வந்ததும் கிராஸ் ஸ்லைடு ரீடிங்க குறிச்சுக்கிட்டு டூல பின்னாடி இழுத்து, கைப்பிடிய திருப்பி சுத்தி ஆரம்ப இடத்துக்கு வரணும், ஹாஃப் நட்ட மட்டும் கடைசி வரைக்கும் தொறக்கவே கூடாது. அப்புறம் டாப் ஸ்லைட 0.8 முன்னாடி தள்ளணும். என் டயல்ல ஒரு கோடு 0.025, ஆக 32 கோடு. பேக்லாஷ் (திருகுல இருக்கற வெத்து ஆட்டம்) இருக்கறதால எப்பவும் ஒரே திசையில தான் வரணும். ரெண்டாவது மரை, திரும்ப 32 கோடு, மூணாவது மரை. முடிச்சு பிரஷால தூள தட்டிட்டு மூடிய வச்சு லேசா திருப்பினா, உள்ள புடிச்சு இழுத்துக்கிட்டு போய் உக்காருது பாருங்க, அந்த சந்தோஷத்துக்கு தான் இந்த மெஷின்.

இவ்ளோ மலிவான மெஷின்ல டாப் ஸ்லைடு 0.8-ஐ மூணு தடவையும் நம்பற மாதிரி குடுக்குதாங்கறது தான் எனக்கு பெரிய கேள்வியா இருந்துச்சு. கிப் சரி பண்ணினதுக்கு அப்புறம் குடுக்குது, தைரியமா சொல்றேன்.

மோட்டார பத்தி பெருசா புகார் இல்ல. ஸ்பீட கொறைச்சா சக்தியும் கொறையும், இரும்புல பெரிய டிரில் போட்டா தெணறும், ராட துண்டாக்கற பார்ட்டிங் டூல உள்ள விட்டா மெஷினே அதிரும், நான் ராட ஹேக்சா பிளேடால அறுத்துக்கறேன். எபொனைட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் பித்தளை வளையத்துக்கும் தாராளம். உள்ள பிளாஸ்டிக் கியர், சத்தம் கரகரன்னு வரும், அடுக்குமாடில ராத்திரி ஓட்டினா கீழ் வீட்டுல கேப்பாங்க, அடியில கெட்டியான ரப்பர் மேட் போட்டா கொஞ்சம் கொறையுது.

டூல் விஷயத்துல முனைய மாத்தி மாட்டற இன்சர்ட் டூல் செட்டுன்னு கலர் கலரா விக்கறத வாங்க வேண்டாம், அது இரும்புக்கு, மழுங்கலான முனை, எபொனைட்ட வெட்டாம அமுக்கும். நான் மிராண்டா கம்பெனி ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்ட கிரைண்டர்ல புடிச்சு மேல் சரிவு நல்லா குடுத்து எண்ணெய் கல்லுல தீட்டி வச்சுக்கறேன், டிரில், டேப்புக்கு நம்ம சென்னை அடிசன். கூர் சரியா இருந்தா எபொனைட் நீளமா ரிப்பனா சுருண்டு வரும், தூளா கொட்டினா டூல் மழுங்கிடுச்சுன்னு அர்த்தம். கந்தக வாசனை கண்டிப்பா வரும், ரப்பரோட கந்தகத்த நெறைய சேத்து வேகவச்சு எடுத்தது தானே எபொனைட், அதனால ஜன்னல் தொறந்து மாஸ்க் போட்டுக்கோங்க. அக்ரிலிக்ல சூடு தான் எதிரி, ஓட்டை போடும்போது கொஞ்சம் உள்ள விட்டு வெளிய எடுத்து சோப்பு தண்ணி தொட்டு திரும்ப உள்ள விடணும், அவசரப்பட்டா உள்ளுக்குள்ள கீறல் விட்டு அப்புறம் ஒரு நாள் மூடி பொளக்கும். கூட வர்ற நாலு பக்க டூல் போஸ்ட்டுல சென்டர் உயரத்துக்கு ஹேக்சா பிளேடு துண்ட அடியில வச்சு வச்சு கொண்டு வரணும், பட்டறைல அப்படி தான் செஞ்சோம், பழக்கம் இருந்தா ஓகே, இல்லன்னா குயிக் சேஞ்ச் போஸ்ட் மாத்திக்கங்க.

பாலிஷ் இந்த லேத்துலயே பண்றீங்கன்னா பெட்டை முழுசா மூடிடுங்க. எமரி தூள் எண்ணெயோட சேந்து பெட்டுல உக்காந்தா கேரேஜ் நகர்ற ஒவ்வொரு தடவையும் அரைக்கும். நான் 400-ல ஆரம்பிச்சு 2000 வரைக்கும் தண்ணி தொட்டு தேச்சு, அப்புறம் மைக்ரோமெஷ் 12000 வரைக்கும், இது எல்லாத்தையும் பழைய மர லேத்துக்கு கொண்டு போயிட்டேன்.

சர்வீஸ் சுத்தமா சரியில்ல, இதுக்கு தான் மார்க் கொறைக்கறேன். சேஞ்ச் கியர் செட்டுல ஒரு கியர் வரல, அதுவும் எனக்கு வேண்டிய 50 பல்லு. போன் பண்ணா எடுக்கல, மெசேஜ் பண்ணா பாத்துட்டு பதில் இல்ல. கடைசில இங்கயே த்ரீ டி பிரிண்ட் போடற ஒரு தம்பிகிட்ட குடுத்து நைலான்ல செஞ்சு வாங்கினேன், கையால சுத்தற வேலைங்கறதால நல்லா தாங்குது. கன்ட்ரோல் போர்டு போனா என்ன பண்றதுங்கற பயம் இருக்கு, இந்த மாதிரி மெஷின்ல முதல்ல மண்டைய போடறது அது தான், அதனால ஸ்டெபிலைசர் வழியா தான் ஓட்டறேன், கட்டு மாட்டிக்கிட்டா உடனே சுவிட்ச அணைச்சுடறேன்.

விலை லட்சத்தை ஒட்டி வரும், அதோட முடிஞ்சுடாது, காலெட் சக், டேப், டிரில், டயல் கேஜ்னு வாங்க ஆரம்பிச்சா மெஷின் விலைல பாதி தனியா போகும், இத முன்னாடியே வீட்டுல சொல்லிட்டு எறங்குங்க. இதே காசுக்கு ராஜ்கோட், பட்டாலா பக்கம் செஞ்ச பழைய நாலரை அடி பெல்ட் லேத் செகண்ட் ஹேண்ட்ல கெடைக்குமே, எதுக்கு இந்த பொம்மைன்னு என் பழைய மேஸ்திரி அண்ணன் கேட்டாரு. அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, கீழ் வீடு, சிமெண்ட் தரை, தனி ஷெட்டு இருக்கறவங்களுக்கு அது தான் நல்லது, அந்த கனத்துக்கு அதிர்வே வராது. ஆனா வாடகை வீட்டு மாடி ரூம்ல அதை எங்க வைக்கறது. அண்ணனே வந்து என் மூடி மரைய திருகி பாத்துட்டு “இது இதுல வெட்டினதா டா?”ன்னு கேட்டு இன்னொரு தடவை திருகி பாத்தாரு.

கிட் பேனா மட்டும் போதும்னா இது வேண்டாம், மர லேத்தே போதும். லேத்தே தொட்டதில்லாதவங்க நேரா இதுல ஆரம்பிக்காம பட்டறை வச்சிருக்கற யாராவது தெரிஞ்சவர்கிட்ட ஒரு மாசமாவது கூட நின்னு பாத்துட்டு வாங்க, சக் சாவிய சக்குலயே விடக்கூடாதுங்கறதும் கையுறையோட லேத்துகிட்ட போகக்கூடாதுங்கறதும் யாராவது நேர்ல அதட்டி சொன்னா தான் மண்டைல ஏறும். முன்னாடி டர்னரா இருந்துட்டு இப்ப வேற வேலைல இருக்கறவங்க யோசிக்காம வாங்கலாம், கை எதையும் மறக்கல, ஒரு வாரத்துல எல்லாம் திரும்ப வந்துடுது.

வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட நாலே கேள்வி கேளுங்க. லீட் ஸ்க்ரூ மெட்ரிக்கா இன்ச்சா, டெயில்ஸ்டாக் லீவரா நட்டா, 80-ம் 50-ம் பல் கியர் பெட்டியில இருக்கா, கன்ட்ரோல் போர்டு தனியா ஸ்டாக் வச்சிருக்காங்களா. நாலுக்கும் பதில வாட்ஸ்அப்புல எழுத்துல வாங்கிட்டு அப்புறம் பணத்த போடுங்க.